உரிமையாளர்: 1003

ரூவியில் நாற்பத்தாறு டிகிரி.
ஏசி பழுதுபார்க்கும் எங்கள் கம்பெனியின் வெப்சைட்
காலையிலிருந்து குப்புறக் கிடக்கிறது.
தள்ளிவிட்டது திருடன் இல்லை, காவல்காரன்:
போன வாரம் நான் போட்ட செக்யூரிட்டி பிளகின்.
எழுத முடியவில்லை என்கிறது சிவப்பில்.
இந்த ஃபோல்டரில் எனக்கு அனுமதி இல்லை என்கிறது.
வீட்டைக் காக்க வந்தவனுக்கு
உள்ளே கால்வைக்க இடமில்லையாம்.

நான் பில் போட வந்தவள்.
விசாவில் என் வேலை கிளார்க்.
சேகு போன பிறகு வெப்சைட்டும் என் மேசைக்கு வந்தது,
அவன் நாற்காலியும்,
அதன் ஆடும் காலும்.

பிஜோய் சார் போனைப் பொத்திக்கொண்டு பின்னால் நிற்கிறார்.
"எமல்டா, எல்லாத்துக்கும் 777 கொடு, தீர்ந்துது.
சீபிலே ஒரு அம்மா, கைக்குழந்தை,
புக்கிங் போகலேன்னு அழுவுது."

777 என்றால்
வருகிறவன் போகிறவன் யாரும்
படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்.
எங்கள் ஃபிளாட்டில் ஆறு பெண்கள், ஒரு ஃபிரிட்ஜ்.
மூன்றாம் தட்டில் என் பெயர் ஒட்டியிருக்கிறது.
எட்டிப் பார்க்கலாம், என்ன குழம்பு என்று கேட்கலாம்,
கரண்டி போடக்கூடாது.
இதைத்தான் சர்வர் 644 என்கிறது.
நெத்திலிக் குழம்பு காணாமல்போன
அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு
777 பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கறுப்புத் திரையைத் திறந்து பட்டியல் கேட்டேன்.
ஃபைல் ஒவ்வொன்றின் பக்கத்திலும்
உரிமையாளர் பெயர் வர வேண்டும்.
வந்தது
1003
1003
1003
கீழே இறங்க இறங்க 1003.

ஆளின் கணக்கை அழித்தால்
பெயர்தான் முதலில் போகும்.
கடைசியாக அவன் கைபட்ட எல்லாவற்றிலும்
எண் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

மாசியில் அவன் விசாவை கேன்சல் அடித்தார்கள்.
எதற்கென்று யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.
அவன் ஏர்போர்ட் போய்ச் சேருமுன்
சர்வரில் அவன் கணக்கை எடுத்துவிடச் சொன்னார்கள்.
எடுத்தது நான்.
ஒரு வரி.
நிச்சயமா என்றுகூட அந்த மெஷின் கேட்கவில்லை.

ஆக, பிளகின்மேல் பழி இல்லை.

உரிமையை சர்வர் பெயருக்கு மாற்றினேன்.
ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644,
பாஸ்வேர்டு இருக்கும் அந்த ஒன்றுக்கு மட்டும் 640.
நாலாயிரத்துச் சொச்சம் ஃபைல்,
கரக் டீ ஆறவில்லை, முடிந்துவிட்டது.
சிவப்பு அடங்கியது.
சீபுக்கு ஏணியும் கேஸ் சிலிண்டருமாக வேன் கிளம்பியது.

அதற்குப் பிறகுதான் பிளகின் மெல்லக் கேட்டது:
படங்கள் ஃபோல்டரில்
அறிமுகமில்லாத ஃபைல் ஒன்று. நீக்கலாமா?

திறந்தேன். வைரஸ் இல்லை.
கட்டில் வாடகை 28.
மெஸ் 21, அதில் முட்டை தனி.
ஊருக்கு 60, கமிஷன் ஒன்றரை.
எமல்டாவிடம் வாங்கியது 10,
சம்பளம் வந்ததும்.

எனக்கு மறந்தே போயிருந்தது.
அவன் எழுதி வைத்திருக்கிறான்,
ஏசி படங்களுக்கு நடுவில்,
யாரும் தேடாத இடத்தில்.

நீக்கவில்லை.
அந்த ஒன்றை மட்டும் 1003-க்கே திருப்பி எழுதினேன்.
400.
உரிமையாளர் படிக்கலாம், வேறு யாரும் கூடாது.
காவல்காரனும் கூடாது.

இப்போது தினமும் விடிகாலை மூன்று மணிக்கு
பிளகின் எனக்கு மெயில் அனுப்புகிறது:
ஒரு ஃபைலைப் படிக்க அனுமதி இல்லை.
கண்டுகொள்ளாதே என்று ஒரு பொத்தான் உண்டு.
நான் அமுக்குவதில்லை.

பிஜோய் சார் நேற்று திரையைத் தட்டிக் கேட்டார்,
"அந்த மஞ்சள் கோடு என்ன, எமல்டா?"

"பாக்கி, சார்" என்றேன்.
அடுத்த பில்லை எடுத்தேன்.